முகக்கவசமும் பாதுகாப்பு உடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள். இப்போது ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுப்பதும், கவரால் எனும் உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு உடையைப் போடவும் கழற்றவும் சொல்லிக் கொடுப்பதும்தான் வேலை. வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் நாலு பேர் சுற்றி நின்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஊழியர்களோடு நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்களும், தோட்டம் வைத்திருப்பவர்களும், துப்புரவுப் பணியாளர்களும் கேட்டவை இவை. எல்லாக் கேள்விக்கும் அடியில் இரண்டு கவலைகள் இருக்கும். போட்டால் காப்பாற்றுமா? போட்டுக்கொண்டு வேலை பார்க்க முடியுமா? இரண்டாவதைச் சொகுசு என்று தள்ளிவிடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கீழே இழுத்துவிடத் தோன்றும் மாஸ்க், விலை எவ்வளவாக இருந்தாலும், காப்பாற்றப் போவதில்லை.

சர்ஜிக்கல் மாஸ்க்குக்கும் என்95 மாஸ்க்குக்கும் என்ன வித்தியாசம்?

சர்ஜிக்கல் மாஸ்க் பிறந்ததே எதிரில் இருப்பவருக்காக. ஆபரேஷன் செய்பவரின் எச்சில் துளி நோயாளியின் காயத்தில் விழக் கூடாது, நோயாளியின் ரத்தம் டாக்டரின் வாயில் தெறிக்கக் கூடாது என்பதுதான் அதன் வேலை. மூன்று அடுக்கு இருக்கும். நிறமுள்ள வெளி அடுக்கு நீரை ஒட்டவிடாது, நடு அடுக்குதான் வடிகட்டி, உள் அடுக்கு தோலுக்கு மெத்தென்று இருக்கும். கன்னத்தின் இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கும், அதனால் மூச்சின் ஒரு பகுதி வடிகட்டி வழியாகப் போகாமல் பக்கவாட்டில் போய் வரும்.

என்95 போட்டிருப்பவரைக் காப்பாற்றச் செய்தது. முகத்தோடு சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும், உள்ளே இழுக்கும் காற்று முழுவதும் வடிகட்டி வழியாகவே வர வேண்டும். காசநோய் வார்டில் நர்ஸுக்கு என்95, நோயாளிக்குச் சர்ஜிக்கல் மாஸ்க் என்று பிரித்துக் கொடுப்பது இதனால்தான். நோயாளிக்கு மட்டமானதைக் கொடுக்கிறார்கள் என்று ஒரு அம்மா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவருடைய மகன் ஏற்கெனவே இருமி இளைத்துப்போயிருந்தார். அவர் இருமுவது வெளியே பரவாமல் இருந்தால் போதும், என்95 போட்டு அவரைக் கூடுதலாகச் சிரமப்படுத்த வேண்டியதில்லை என்று உட்காரவைத்துச் சொன்ன பிறகு சமாதானமானார்.

95 என்றால் என்ன? மீதி 5 சதவீதம் உள்ளே வந்துவிடுமா?

நல்ல கேள்வி. அமெரிக்காவின் நியாஷ் என்ற தொழில்சார் சுகாதார நிறுவனம் வைத்த தரம் இது. 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள உப்புத் துகள்களை நிமிடத்துக்கு 85 லிட்டர் வேகத்தில் மாஸ்க் வழியாகச் செலுத்தி, குறைந்தது 95 சதவீதத்தை அது பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். முன்னால் இருக்கும் என் என்ற எழுத்து, எண்ணெய்த் துளிகளைத் தாங்காது என்பதைக் குறிக்கும்.

ஏன் 0.3 மைக்ரான்? அதைவிடச் சின்னது சுலபமாக நுழைந்துவிடுமே என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. வடிகட்டியைச் சல்லடையாக நினைக்காதீர்கள், அடர்ந்த முள்வேலியாக நினையுங்கள். பெரிய துகள் நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளைக் காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அங்கும் இங்கும் அலையவைக்கும், அப்படி அலையும்போது அது ஏதாவது ஒரு இழையில் மாட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் 0.3 மைக்ரானை ஒட்டியவைதான் பிடிக்கச் சிரமமானவை. அதையே 95 சதவீதம் பிடித்துவிட்டால், அதைவிடப் பெரியதையும் சிறியதையும் இன்னும் நன்றாகவே பிடிக்கும்.

நடு அடுக்கில் இருப்பது பாலிப்ரொப்பிலீனை உருக்கி ஊதிச் செய்த, முடியைவிடப் பலமடங்கு மெல்லிய இழை. அதில் நிலைமின்சாரம் ஏற்றி வைத்திருப்பார்கள். சீப்பால் தலைவாரிவிட்டுக் காகிதத் துண்டுகளின் அருகே கொண்டுபோனால் அவை துள்ளி வந்து ஒட்டும் இல்லையா, அதே விஷயம்தான். டென்னிசி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த தைவான்காரர் பீட்டர் சாய் 1990களில் இந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர். இந்த மின்னேற்றம் இருப்பதால்தான் இழைகளை நெருக்கி அடைக்காமலேயே துகளைப் பிடிக்க முடிகிறது. நெருக்கி அடைத்தால் மூச்சு விட முடியாது. பாதுகாப்பும் வசதியும் இங்கே ஒரே இழையில் கூடி வருகின்றன.

இந்தியாவில் என்95 என்று போட்டு விற்பதை நம்பலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 9473. அது ஐரோப்பிய முறையைப் பின்பற்றி எஃப்எஃப்பி1, எஃப்எஃப்பி2, எஃப்எஃப்பி3 என்று பிரிக்கிறது. எஃப்எஃப்பி2 ஏறக்குறைய என்95க்குச் சமம். ஐஎஸ்ஐ முத்திரை, அதன் கீழே உரிம எண், தர எண் மூன்றும் மாஸ்க் மேலோ பெட்டி மேலோ அச்சாகியிருக்க வேண்டும். நியாஷ் ஒப்புதல் பெற்றது என்றால் டிசி-84ஏ என்று தொடங்கும் எண் மாஸ்க்கிலேயே இருக்கும். வெறுமனே "95" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு மதிப்பில்லை.

என்னைக் கேட்டால், காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றிப் போகும் இரண்டு பட்டை உள்ளதை எடுங்கள். முகத்தோடு நன்றாகப் பிடிக்கும், எட்டு மணி நேரத்துக்குப் பிறகு காதுக்குப் பின்னால் வலியும் இருக்காது. கொண்டை போடுபவர்கள் மேல் பட்டையைக் கொண்டைக்கு மேலேயும், கீழ்ப் பட்டையைப் பிடரியிலும் விடுங்கள்.

நல்ல மாஸ்க்தான் வாங்கினேன். முகத்துக்குப் பொருந்துகிறதா என்று எப்படித் தெரியும்?

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரிகளில் அதிகம் கோட்டை விடுவது இதில்தான்.

வீட்டில் செய்யக் கூடியது: மாஸ்க்கைப் போட்டு, மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து இரு பக்கமும் அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர் விழுந்து இடைவெளி வரும். அப்புறம் இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கைப் பொத்தி, மெதுவாக ஊதுங்கள். கண்ணோரத்திலோ தாடையிலோ காற்றுப் பட்டால் கசிகிறது. வேகமாக இழுங்கள். மாஸ்க் லேசாக உள்ளே அமுங்க வேண்டும். ஒவ்வொரு தடவை போடும்போதும் இதைச் செய்ய வேண்டும், பத்து விநாடி வேலை.

ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியது பொருத்தச் சோதனை. தலைக்கு மேல் ஒரு வெள்ளைக் கூடாரம் மாதிரி உறையை மாட்டி, முன்னால் உள்ள ஓட்டை வழியாகச் சாக்கரின் கரைசலைப் பனிபோலப் பீய்ச்சுவோம். சாக்கரின் என்பது சர்க்கரை நோயாளிகள் காபியில் போடும் இனிப்பு. முதலில் மாஸ்க் இல்லாமல் இனிப்பு நாக்குக்குத் தெரிகிறதா என்று பார்ப்போம். பிறகு மாஸ்க்கோடு. சாதாரண மூச்சு, ஆழ்ந்த மூச்சு, தலையை இடம் வலம், மேலே கீழே, குனிந்து நிமிர்வது, சத்தமாகப் பேசுவது என்று ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் செய்யச் சொல்வோம். இனிப்பு தெரிந்தால் மாஸ்க் தோற்றது.

ஒரு சின்னப் பெண், ஐசியு நர்ஸ், முகம் உள்ளங்கை அளவுதான். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கொடுக்கும் மாஸ்க்கைப் போட்டு உட்கார்ந்தாள். தலையைத் திருப்பியதுமே "அக்கா, இனிக்குது" என்றாள். பட்டையை இறுக்கினோம், இனித்தது. வேறு வடிவம் ஒன்று போட்டோம், குனியும்போது இனித்தது. நான்காவதாக ஒரு சிறிய அளவு, மடித்துத் திறக்கும் வகை. ஏழு நிமிடம் முழுக்க உட்கார்ந்திருந்தாள், இனிக்கவில்லை. உறையைக் கழற்றினால் அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருக்கிறது. "ரெண்டு வருஷமா அந்தப் பெரிய மாஸ்க்கைத்தானே அக்கா போட்டுட்டு உள்ளே போனேன்" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பல மாஸ்க் வடிவங்கள் ஆண்களின் முகத்தை அளவாக வைத்தே வந்தவை. நம் வார்டுகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொள்முதல் செய்பவர்கள் குறைந்தது மூன்று நான்கு வடிவங்களை, இரண்டு அளவில் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக ஆர்டர் போட வேண்டும்.

தாடி வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

மாஸ்க்கின் விளிம்பு படும் இடத்தில் முடி இருந்தால் பொருந்தாது. இரண்டு நாள் வளர்ந்த முள்தாடியும் கசியவிடும். விளிம்புக்குள் அடங்கும் மீசை பிரச்சினையில்லை. மத நம்பிக்கைக்காகத் தாடி எடுக்காதவர்களுக்கு, முகத்தோடு ஒட்டத் தேவையில்லாத, மோட்டார் வைத்து வடிகட்டிய காற்றைத் தலைமூடிக்குள் அனுப்பும் கருவி இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனாலும் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள்.

மூக்குக் கண்ணாடி மங்குகிறதே?

கண்ணாடி மங்கினால் மூக்கின் மேல்பக்கம் கசிகிறது என்று அர்த்தம். முதலில் கம்பியைச் சரிசெய்யுங்கள். சர்ஜிக்கல் மாஸ்க் என்றால் மூக்கின் மேல் ஒரு துண்டு மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒட்டலாம். சோப்புத் தண்ணீரில் கண்ணாடியைக் கழுவித் துடைக்காமல் உலரவிட்டாலும் கொஞ்ச நேரம் மங்காது.

மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது. ஆக்ஸிஜன் குறைகிறதா? விட்ட கார்பன்-டை-ஆக்ஸைடையே திரும்ப இழுக்கிறோமா?

மூச்சு முட்டுவது பொய்யில்லை. "சும்மா மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதற்குக் காரணம் ஆக்ஸிஜன் குறைவதில்லை.

ஆக்ஸிஜன், கார்பன்-டை-ஆக்ஸைடு மூலக்கூறுகள் அந்த இழைகளின் இடைவெளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியவை, தடையில்லாமல் போய்வரும். மாஸ்க்குக்குள் இருக்கும் கொஞ்சம் இடத்தில் விட்ட மூச்சு தங்கி, அடுத்த மூச்சோடு கலப்பது உண்மைதான். ஆரோக்கியமான ஒருவர் சாதாரண வேலை செய்யும்போது உடம்பு அதைச் சமாளித்துவிடும். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு மாஸ்க்கோடு அரைமணி நேரம் இருந்து பாருங்கள், எண் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

அப்படியானால் ஏன் முட்டுகிறது? இரண்டு காரணம். வடிகட்டி வழியாக இழுக்க நெஞ்சுத் தசை கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நியாஷ் தரத்தில் இதற்கும் உச்சவரம்பு உண்டு. இரண்டாவது, வெப்பமும் ஈரமும். நாம் விடும் மூச்சு உடம்புச் சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது. மூக்கையும் உதட்டையும் சுற்றியுள்ள தோலுக்கு உணர்ச்சி அதிகம். அங்கே புழுக்கமாக இருந்தால், மூச்சே போதவில்லை என்று மூளை எடுத்துக்கொள்கிறது. சித்திரை மாதத்தில் மின்விசிறி இல்லாத அறையில் போர்வைக்குள் முகத்தை வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

இன்னொன்றும் கவனியுங்கள். காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடிப் போகும். வடிகட்டி அடைத்து இழுக்கக் கஷ்டமாகிவிட்டால், அது விளிம்பில் உள்ள சின்ன இடைவெளி வழியாக வரப் பார்க்கும். ஆகவே சுலபமாக மூச்சு விட முடிகிற மாஸ்க் வசதிக்கு மட்டும் நல்லதில்லை, கசிவையும் குறைக்கும். நனைந்த, அழுக்கேறிய மாஸ்க்கை மாற்றச் சொல்வதும் இதனால்தான்.

ஆஸ்துமா, சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஓடும்போது, கடினமான உடற்பயிற்சியின்போது என்95 வேண்டாம். தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால், ஆபத்தில்லாத இடத்துக்கு வந்து கழற்றிவிடுங்கள்.

வால்வு வைத்த மாஸ்க் வசதியாக இருக்கிறதே?

இருக்கும். மூச்சு விடும்போது வால்வு திறந்து சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்றிவிடும். தூசிக்கு, மரத்தூளுக்கு, கல் உடைக்கும் இடத்துக்கு நன்றாகவே உதவும். ஆனால் வெளியே போகும் மூச்சு வடிகட்டப்படாது. உங்களுக்குத் தொற்று இருந்தால் எதிரில் இருப்பவருக்கு அப்படியே போகும். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை பொதுமக்கள் வால்வு மாஸ்க் போட வேண்டாம் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். ஆபரேஷன் தியேட்டரிலும் கூடாது.

என்95 மாஸ்க்கைத் துவைத்துப் போடலாமா?

கூடாது. சோப்பும் சானிடைசரும் நான் மேலே சொன்ன மின்னேற்றத்தை அழித்துவிடும். பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், ஆனால் வடிகட்டாது. வெயிலில் வறுக்கவும் வேண்டாம், அயர்ன் பண்ணவும் வேண்டாம். தட்டுப்பாடு இருந்த காலத்தில் ஐந்து மாஸ்க்கைச் சுழற்சியில் வைத்து, காகித உறையில் காயவிட்டு, ஒன்றை அதிகபட்சம் ஐந்து தடவை போட்டோம். அது ஆபத்துக்குச் செய்தது, வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். பட்டை தளர்ந்தால், நனைந்தால், ரத்தம் பட்டால் உடனே தூக்கிப் போடுங்கள்.

துணி மாஸ்க்குக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் டே, 1910-11ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பஞ்சையும் வலைத்துணியையும் அடுக்கி மாஸ்க் செய்து எல்லோரையும் போடவைத்தார். நோய் காற்றில் பரவுகிறது என்று அவர் சொன்னதை ஏற்காத மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர், மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அந்த நோயாலேயே இறந்தார். அந்தக் கொள்ளைநோயில் சுமார் 60,000 பேர் செத்துப்போனார்கள். ஒன்றுமில்லாததைவிடத் துணி மேல். ஆனால் இன்று கடையில் சர்ஜிக்கல் மாஸ்க்கும் என்95ம் சுலபமாகக் கிடைக்கும்போது, துணியை மட்டும் நம்பி வார்டுக்குள் போக வேண்டாம்.

மூக்குத் தண்டில் புண்ணாகிவிட்டது. பஞ்சு வைத்துக்கொள்ளலாமா?

பஞ்சோ தடித்த துணியோ வைத்தால் அங்கே இடைவெளி வரும். மெல்லிய சிலிக்கான் நாடாவோ ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்திரியோ ஒட்டலாம். ஒட்டிய பிறகு பொத்தி ஊதிப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள். போடுவதற்கு அரைமணி நேரம் முன்பே மாய்ஸ்சரைசர் தடவிக் காயவிடுங்கள், வாஸ்லின் மாதிரி வழுக்குவது வேண்டாம். இடைவேளையில் யாருமில்லாத காற்றோட்டமான இடத்தில் கழற்றி, தோலுக்கு ஓய்வு கொடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புண் வந்தால் அந்த வடிவம் உங்கள் முகத்துக்கு ஆகாது.

கவரால் போட்டால் ஏன் இப்படி வேகிறது?

2020ல் கவராலைக் கழற்றும்போது கிளவுஸ் விரல் நுனியில் வியர்வை தேங்கி நிற்கும். தலைகீழாகப் பிடித்தால் சொட்டும். விரல்கள் துணி துவைத்த மாதிரி சுருங்கி வெளுத்திருக்கும். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் வலி தெரியும்.

வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கவராலுக்குள் ஆவி வெளியேற வழியில்லை. வியர்வை வழிந்து ஓடும், உடம்பு குளிராது, குளிரவில்லையே என்று இன்னும் வியர்க்கும். உடம்பில் நீர்தான் வற்றும். வேலையிடத்து வெப்பத்தைக் கணக்கிடும் சர்வதேசத் தரம், ஆவி புகாத கவரால் போட்டிருந்தால் வெப்பக் குறியீட்டில் சுமார் 10 டிகிரி கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. சென்னையின் கடற்காற்று ஈரத்தில் ஏற்கெனவே புழுங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு 10 டிகிரி கூடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2014ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா முகாம்களில் வேலை செய்தவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருந்ததற்குக் காரணம் இந்தச் சூடுதான்.

இதற்குத் தீர்வு துணியிலேயே இருக்கிறது. நுண்துளைப் படலம் என்று ஒன்று உண்டு. பாலிஎத்திலீனில் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து படலமாக்கி இழுத்தால், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். நீராவி அதன் வழியே வெளியேறும், ரத்தத் துளி உள்ளே நுழையாது. இந்தப் படலம் ஒட்டிய கவரால் கொஞ்சம் விலை கூடும். ஆனால் அதைப் போட்டு ஒருவர் மயங்காமல் முழு ஷிப்டும் வேலை பார்க்கிறார் என்றால், அந்த விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நல்ல கவராலை எப்படிக் கண்டுபிடிப்பது?

2020 தொடக்கத்தில் நம் நாட்டில் கவரால் தயாரிப்பு ஏறக்குறைய இல்லை. சில மாதங்களில் திருப்பூர், கோவை, பெங்களூரு என்று பனியனும் ஆயத்த ஆடையும் தைத்த தையல் கூடங்கள் கவராலுக்கு மாறின. தைத்ததைச் சோதிக்க எல்லோரும் முதலில் ஓடியது கோயம்புத்தூரில் உள்ள சிட்ராவுக்கு, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்துக்கு. செயற்கை ரத்தத்தைத் துணியில் அழுத்தத்தோடு செலுத்தி, மறுபக்கம் கசிகிறதா என்று பார்த்தார்கள்.

வீட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ரத்தத்தின் பரப்பு இழுவிசை தண்ணீரைவிடக் குறைவு, தண்ணீர் முத்தாக நிற்கும் துணியில்கூட ரத்தம் ஊறி இறங்கும். அந்தச் சமயத்தில் கடையில் கொடுக்கும் நெய்யாத துணிப் பை இருக்கிறதே, அதே துணியில் தைத்த கவராலும் சந்தைக்கு வந்தது. அது தூசியைத் தடுக்கும், ரத்தத்தைத் தடுக்காது.

தையலைப் பாருங்கள். ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. அதன் மேல் வெப்பக் காற்றால் டேப் ஒட்டியிருக்க வேண்டும். அந்த டேப்புக்கும் ஒட்டும் மெஷினுக்கும்தான் அப்போது பெரிய தட்டுப்பாடு. ஜிப்பின் மேல் மூடி இருக்கிறதா, குனிந்தால் தொடையிடுக்கில் கிழியாத அளவு தாராளமாக இருக்கிறதா, மணிக்கட்டில் கட்டைவிரல் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியத் தரம் ஐஎஸ் 17423. துணியின் எடை அதிகம் என்றால் பாதுகாப்பும் அதிகம் என்று நினைக்க வேண்டாம், 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம்) துணி கசிவதும் 60 ஜிஎஸ்எம் துணி தேர்வதும் நடக்கும்.

ஒரு தடவை போட்டால் எத்தனை மணி நேரம் இருக்கலாம்? தண்ணீர், பாத்ரூம்?

குளிரூட்டிய ஐசியு என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் அனுபவம். குளிரூட்டி இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம்கூட அதிகமாக இருக்கலாம். உள்ளே போகும் முன் அரை லிட்டர் தண்ணீரோ உப்புப் போட்ட நீர்மோரோ குடியுங்கள். பாத்ரூம் போக முடியாதே என்று குடிக்காமல் போவதுதான் மயக்கத்துக்கு வழி. ஆறு மணி நேர ஷிப்டில் டயபர் கட்டிக்கொண்டு போன நர்ஸுகளை நான் அறிவேன். மாதவிடாய் நாட்களில் நாப்கின் மாற்ற முடியாமல் அழுதவர்களையும் அறிவேன். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஷிப்டைப் பிரித்துப் போடுவதும் கூடுதல் கவரால் வாங்கி வைப்பதும் நிர்வாகத்தின் கடமை, தாராளமாகக் கேளுங்கள். உடன் வேலை செய்பவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தடுமாறினால், உடனே வெளியே கூட்டி வாருங்கள்.

கழற்றும்போது ஏன் இவ்வளவு கெடுபிடி?

போட்டிருக்கும்போது காப்பாற்றிய துணியின் வெளிப்பக்கம் முழுக்க இப்போது கிருமி இருக்கும். களைப்பில் "அப்பாடா" என்று இழுத்துக் கழற்றும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பலருக்குத் தொற்றுகிறது. வெளிக் கிளவுஸ், பிறகு கவராலை உள்பக்கம் வெளியே வரும்படி பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே இறக்குவது, பாதுகாப்புக் கண்ணாடி, கடைசியாக மாஸ்க். மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல் பட்டையைப் பிடித்துக் கழற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் நடுவில் கை சுத்தம். எதிரில் ஒருவர் நின்று வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தால் தப்பு நடக்காது.

பருத்திக்கு மருந்து அடிக்கிறேன். மூஞ்சியில் துண்டு கட்டிக்கொண்டால் போதுமா?

போதாது, என்95ம் போதாது. துகளைத்தான் அது பிடிக்கும், மருந்தின் ஆவியைப் பிடிக்காது. ஆவிக்கு, கிளர்வூட்டிய கரி, அதாவது ஆவியை உறிஞ்சும்படி பதப்படுத்திய கரி அடைத்த டப்பா வைத்த மாஸ்க் வேண்டும். துண்டு இன்னும் மோசம். மருந்தில் நனைந்த துண்டு மூக்கோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஆனால் மூச்சைவிடத் தோல் வழியாகத்தான் மருந்து அதிகம் உடம்பில் ஏறுகிறது. 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிக்குள் நடந்தபடி அடித்தால் மருந்து உடம்பெல்லாம் படும்.

வெயிலில் ரப்பர் சூட் போடச் சொன்னால் யாரும் போட மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. குறைந்தபட்சம் நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, முதுகில் டேங்க் படும் இடத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, நைட்ரைல் கிளவுஸ், ரப்பர் பூட்ஸ். மருந்து கலக்கும்போதுதான் அடர்த்தி அதிகம், அப்போது கண்ணாடியும் ஏப்ரனும் கட்டாயம். காலை வெயில் ஏறும் முன், காற்றுக்கு முதுகு காட்டி அடியுங்கள். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம், மருந்து உங்கள் மனைவி கைக்கும் குழந்தை சட்டைக்கும் போகும். பெங்களூருவின் இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனம் வளர்த்த "கிசான் கவச்" என்ற உடை 2024 டிசம்பரில் வெளியானது. சில வகைப் பூச்சிமருந்து துணியில் பட்டதுமே அதைச் சிதைக்கும் வேதிப்பொருளைப் பருத்தித் துணியிலேயே பிணைத்திருக்கிறார்கள். துவைத்துப் போடலாம். நம் வெயிலில் நிற்பவனை நினைத்துச் செய்த உடை என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

பட்டாசு ஆலையில் வேலை. பாலியஸ்டர் சட்டைக்கு மேல் ஏப்ரன் போட்டால் சரிதானே?

வேண்டாம். உள்ளே போடுவதும் பருத்தியாக இருக்கட்டும். நைலான், பாலியஸ்டர் உரசினால் நிலைமின்சாரம் பிறக்கும். மாஸ்க்கில் நமக்கு உதவிய அதே மின்சாரம் சிவகாசியில் வெடிமருந்து அறைக்குள் பொறியாகிவிடும். தீப்பிடித்தால் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதைப் பிரித்துக் கட்டுப்போட்டவள் நான், அதனால் கெஞ்சியே கேட்கிறேன்.

குழந்தைகளுக்கு?

ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம். அதற்கு மேல், சின்ன அளவு சர்ஜிக்கல் மாஸ்க் போதும். தூங்கும்போது கூடாது.

செப்டிக் டேங்கில் இறங்க எந்த மாஸ்க் போட வேண்டும்?

எந்த மாஸ்க்கும் போட்டு இறங்கக் கூடாது.

காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கும். தொட்டிக்குள் அது மிகவும் குறைந்திருக்கும். மாஸ்க் வடிகட்டும், இல்லாத ஆக்ஸிஜனைக் கொண்டுவந்து தராது. ஹைட்ரஜன் சல்ஃபைடு முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும், ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்கியவர் இரண்டு மூச்சில் விழுவார். அவரைத் தூக்க இறங்கும் தம்பியும் அங்கேயே விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறப்புக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்திருந்தால் 14420 என்ற எண்ணுக்குப் பேசி இயந்திர வண்டியைக் கூப்பிடுங்கள். யாராவது ஏற்கெனவே விழுந்திருந்தால், பின்னாலேயே இறங்காதீர்கள். 112க்கு அடித்து, தீயணைப்புத் துறை காற்று உருளையோடு வரும்வரை மூடியைத் திறந்துவைத்து, மற்றவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்.